பெயரைக் கட்டைவிரலால் மறையுங்கள்: பேஸ்பால் அட்டைப் புதிர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிட்ஸ்பர்க் நகரில் நாங்கள் குடியேறிய முதல் கோடையில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பழைய காலணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தார். பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகள். ஒன்றை உருவிப் பின்பக்கமாகத் திருப்பினார். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு என்னிடம் நீட்டி, "இவர் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார்.

கிரிக்கெட்டைத் தவிர வேறெந்த ஆட்டமும் அறியாதவன் நான். அட்டை முழுக்க எறும்பு ஊர்வதுபோலச் சின்னச் சின்ன எண்கள். அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 18 ஆண்டுகள். 18 ஆண்டும் ஒரே அணி. ஒரு பத்தியின் அடியில் மொத்தம் 3000 என்று இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. "அந்த எண்ணைப் பாருங்கள், அதிலேயே ஆள் இருக்கிறார்" என்றார் பெரியவர். விடையை அவர் சொல்லவில்லை. வரிவரியாக விரல் வைத்துக் காட்டி, என்னையே கண்டுபிடிக்க வைத்தார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையை ஒட்டியே இதை எழுதுகிறேன். அந்த அட்டை யாருடையது என்பது கடைசியில் வரும். அதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களில் பலர் விலையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். மிக்கி மேன்டில் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு டாப்ஸ் நிறுவனம் 1952 இல் போட்ட அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்ற செய்தி யாரையும் இழுக்கத்தான் செய்யும். விலையைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆட்டக்காரரின் வாழ்க்கை பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

கையில் கிடைக்கிற ஏதாவது ஓர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் டாப்ஸ் நிறுவனம் வைத்துக்கொண்ட அளவுதான் இன்றும் வழக்கம்: இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆண்டு. இடது ஓரத்தில் ஆண்டு, அடுத்து அணி, பிறகு எண்கள்.

மட்டையாளரின் அட்டை என்றால் நான்கு பத்திகள் போதும். 'ஏபி' என்பது கணக்கில் சேரும் மட்டைவாய்ப்புகள். 'எச்' என்பது ஹிட்: பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய நிலையை, சென்றடைந்த தடவைகள். 'எச்ஆர்' ஹோம் ரன்: பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எல்லா பேஸையும் ஒரே அடியில் சுற்றி வருவது. 'ஏவிஜி' சராசரி. கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தச் சராசரியில்தான் தடுக்கி விழுகிறார்கள். கிரிக்கெட்டில் சராசரி என்றால் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. 50 இருந்தால் பெரிய ஆள். பேஸ்பாலிலோ ஹிட்டை மட்டைவாய்ப்பால் வகுக்கிறார்கள். விடை எப்போதும் ஒன்றுக்குக் கீழே. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தால் 0.300, அதுவே நட்சத்திர மட்டையாளரின் எண். பத்தில் ஏழு முறை தோற்பவரை ஊரே தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஆட்டம் இது. இந்தக் கணக்கு பிடிபட்ட அன்றுதான் பேஸ்பால் எனக்குப் பிடித்துப்போனது.

பந்து வீசும் பிட்ச்சர்களின் அட்டையில் வெற்றி, தோல்வி, 'எஸ்ஓ' என்கிற ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), 'இஆர்ஏ' ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது, தன் பந்துவீச்சில் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்ற கணக்கு. தடுப்பவர்களின் பிழையால் வந்த ஓட்டங்கள் இதில் சேராது. எண் குறையக் குறைய வீச்சாளர் உயர்ந்தவர்.

இப்போது ஒரு பயிற்சி. பெயரை நான் மறைத்துக்கொள்கிறேன். 1951 இல் நியூயார்க் அணியில் முதல் வரி: 121 ஆட்டங்கள், 20 ஹோம் ரன். 1952 இல் 34 ஆட்டங்கள் மட்டும். 1953 இல் ஓர் ஆட்டமும் இல்லை. 1954 இல் 565 வாய்ப்பு, 195 ஹிட், 41 ஹோம் ரன், சராசரி 0.345. 1958 இல் ஊர் சான் பிரான்சிஸ்கோ என்று மாறுகிறது. 1972 இல் மறுபடி நியூயார்க்.

அவசரப்படாமல் யோசியுங்கள். நல்ல தொடக்கத்துக்குப் பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓர் இளைஞர் ஏன் காணாமல் போனார்? காயமா? காயம்பட்டுத் திரும்பியவர் அடுத்த ஆண்டே 0.345 அடிப்பது அரிது. அது கொரியப் போர்க் காலம். அவர் ராணுவத்தில் இருந்தார். ஊர் மாறியது ஏன்? அவர் மாறவில்லை, அணியே இடம்பெயர்ந்தது. ஜயன்ட்ஸ் அணி 1958 பருவத்துக்கு நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரைக்குப் போனது. கடைசியில் திரும்பி வந்தது வேறு அணிக்கு, மெட்ஸுக்கு. விடை வில்லி மேஸ்.

வெற்று வரிகளைக் கண்டால் நின்று பாருங்கள் என்பது பெரியவரின் முதல் பாடம். டெட் வில்லியம்ஸின் வரிசையில் 1943, 1944, 1945 மூன்று ஆண்டுகளும் வெறுமை: இரண்டாம் உலகப் போர். 1952 இல் 6 ஆட்டம், 1953 இல் 37 ஆட்டம்: கொரியாவில் போர் விமானம் ஓட்டப் போனார். 1941 இல் 0.406 அடித்தவர் அவர். மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் அதற்குப் பிறகு முழுப் பருவத்தில் 0.400 தொட்டவர் இல்லை. அந்தக் கைகளிடமிருந்து போர் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது. அட்டையில் அது சில மில்லிமீட்டர் வெற்றிடம்.

இரண்டாம் படி: ஊர்களின் வரைபடம்

அணிகள் ஊர் மாறிய வரலாறு தெரியாவிட்டால் பாதிப் புதிர்கள் அவிழாது. மனப்பாடம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பிரேவ்ஸ் பாஸ்டனிலிருந்து 1953 இல் மில்வாக்கி, 1966 இல் அட்லாண்டா. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 1954 இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆனது. அத்லெட்டிக்ஸ் பிலடெல்பியாவிலிருந்து 1955 இல் கான்சஸ் சிட்டி, 1968 இல் ஓக்லண்ட். டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு 1958 இல் லாஸ் ஏஞ்சலஸ். வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற பெயரில் இரண்டு அணிகள் இருந்தன: முதலாவது 1961 இல் மினசோட்டா ட்வின்ஸ் ஆனது, இரண்டாவது 1972 இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆனது. மான்ட்ரியால் எக்ஸ்போஸ் 2005 இல் வாஷிங்டன் நேஷனல்ஸ்.

புதிர் போடுகிறவர்களுக்கு மிகவும் பிடித்தது சியாட்டில் பைலட்ஸ். 1969 என்ற ஒரே ஓர் ஆண்டு உயிரோடிருந்து, மறு ஆண்டு மில்வாக்கி புரூவர்ஸ் ஆகிவிட்ட அணி. எந்த அட்டையிலாவது அந்த வரியைக் கண்டால் எடுத்துத் தனியே வையுங்கள்.

மூன்றாம் படி: எதை வாங்குவது

1987 டாப்ஸ் தொகுப்பு. யார் கேட்டாலும் என் பதில் இதுதான். 792 அட்டைகள், ஓரம் முழுக்க மரப்பலகை ரேகை போன்ற அச்சு. 1980களின் பின்பாதியிலும் 90களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அளவின்றி அச்சடித்துத் தள்ளின. 'இவை நாளைக்குப் பொன்னாகும்' என்று வாங்கியவர்கள் மூட்டை மூட்டையாகப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. அந்தக் காலத்தை 'ஜங்க் வாக்ஸ்' என்று, மெழுகுத்தாள் பொட்டலக் குப்பை என்ற பொருளில், சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கை பட்டால் கெட்டுவிடுமே என்ற பயமின்றிப் புரட்டலாம், பிள்ளைகளிடம் கொடுக்கலாம், தரையில் பரப்பி வைத்து அணி பிரிக்கலாம்.

அதில் 320 ஆம் எண்ணைத் தேடி எடுங்கள். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் சீருடையில் ஒல்லியான இளைஞர் பேரி பான்ட்ஸ். பின்பக்கத்தில் மேஜர் லீக் அனுபவம் 1986 என்ற ஒற்றை வரி: 16 ஹோம் ரன், சராசரி 0.223. சுமாரான எண்கள். அவரே 2001 இல் ஒரு பருவத்தில் 73, மொத்தத்தில் 762 ஹோம் ரன் என்று எல்லாச் சாதனைகளையும் தாண்டிப் போனார். பின்னால் வரப்போவது எதுவும் அட்டைக்குத் தெரியாது. எனக்குப் பழைய அட்டைகள் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். பிரிக்காத பழைய பொட்டலம் என்று விற்கப்படுவதை நம்பிப் பெரிய பணம் கொடுக்காதீர்கள். பிரித்து, நல்லதை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி விற்கிற வேலை நடக்கிறது. நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். இரண்டாவது, 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த, ஹானஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மலிவாகக் கிடைத்தால் அது மறுஅச்சு. உண்மையானவை சில டஜன்தான் மிஞ்சியிருக்கின்றன; 2022 இல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. வாக்னர் தம் படத்தை நிறுத்தச் சொன்னதால்தான் அது அரிதானது. புகையிலையோடு சேர்த்துத் தம் படம் சிறுவர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு தரப்பு, பணம் தராததால் மறுத்தார் என்று ஒரு தரப்பு. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிர்க் கூட்டங்களில் இந்த வாதம் தவறாமல் வரும்.

நான்காம் படி: அட்டைகளின் கதைகள்

ஆட்டக்காரர்களைப் பற்றிய புதிர்கள் ஒரு வகை. அட்டைகளைப் பற்றிய புதிர்கள் இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதில்தான் ஆசை அதிகம்.

1933 இல் பாஸ்டனைச் சேர்ந்த கூடி என்ற சூயிங்கம் நிறுவனம் 240 வரை எண்ணிட்ட தொகுப்பை வெளியிட்டது. சிறுவர்கள் காசு சேர்த்துச் சேர்த்து வாங்கினார்கள். 106 ஆம் எண் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதை நிறுவனம் அச்சடிக்கவே இல்லை. பிள்ளைகள் தொடர்ந்து வாங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்ட ஓட்டை அது என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மறு ஆண்டில் அந்த அட்டையை அஞ்சலில் அனுப்பினார்கள்: ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த நேப் லாஷுவே. 'தொகுப்பு வெளியான ஆண்டில் வெளியாகாத அட்டை எது?' என்ற கேள்விக்கு இதுதான் விடை.

அடுத்து 1952 டாப்ஸ். 407 அட்டைகள். புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் சை பெர்கர் என்ற இளம் ஊழியர் வடிவமைத்தது. ஆட்டக்காரரின் படம், கையொப்பம், அணிச் சின்னம், பின்பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பும் எண்களும் என்று இன்றைய அட்டையின் உருவமே அங்குதான் நிலைபெற்றது. அதன் கடைசிப் பகுதி பருவத்தின் இறுதியில் கடைக்கு வந்தபோது பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 1960 இல் அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் சொன்னார். மேன்டிலின் 311 ஆம் எண் அட்டை அந்தக் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 'மேன்டிலின் முதல் அட்டை எது?' என்று கேட்டால் பத்துப் பேரில் பாதிப்பேர் 1952 டாப்ஸ் என்பார்கள். தவறு. 1951 இல் போமன் நிறுவனம் வெளியிட்ட 253 ஆம் எண் அட்டைதான் முதலாவது.

அதே 1952 தொகுப்பில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மேன்டில் அளவுக்குப் பெயர் பெற்றவர் இல்லை. பிறகு ஏன் அவருடைய அட்டை குலையாத நிலையில் கிடைத்தால் அத்தனை விலை? சிறுவர்கள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். மேலே இருப்பது முதல் எண். ரப்பர் அறுத்ததும் தண்ணீர் பட்டதும் மேசையில் உராய்ந்ததும் எல்லாம் பாஃப்கோ மேல். கீழே இருந்தவர்களை எல்லாம் தாங்கிக் காத்தவர் அவர். இந்த ஒரு விடையில் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் படுக்கையறை முழுவதும் தெரிகிறது.

டாப்ஸ் சில ஆண்டுகளில் புதிரை அட்டையிலேயே அச்சிட்டது. 1953 தொகுப்பின் பின்பக்கத்தில் வினாவிடைப் பகுதி உண்டு. 1964 தொகுப்பு இன்னும் அழகு: கீழே ஒரு கேள்வி, பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம். நாணயத்தின் விளிம்பால் அங்கே தேய்த்தால் விடை மெல்ல எழும்பி வரும். அந்த ஆண்டு பெரியவருக்குப் பத்து வயது. அவர் பெட்டியில் இருந்த 1964 அட்டைகள் எல்லாம் தேய்த்துக் கறுத்துப்போனவை. தேய்க்காதவற்றுக்குத்தான் சந்தையில் மதிப்பு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "தேய்க்காமல் வைத்திருந்த பையனுக்கு விடை தெரியாமலே போயிருக்கும்" என்றார் என்னிடம்.

புதிருக்கும் அட்டைக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. 1981 இல் டாப்ஸின் தனியாதிக்கம் நீதிமன்றத் தீர்ப்பால் உடைந்து ஃப்ளீர், டான்ரஸ் என்ற இரு நிறுவனங்களும் களத்தில் இறங்கின. மேல்முறையீட்டில் சூயிங்கத்தோடு விற்கும் உரிமை டாப்ஸுக்கே திரும்பியது. சூயிங்கம் வைக்க முடியாத டான்ரஸ், 1982 முதல் பொட்டலத்தில் படத்துண்டுகளை வைத்தது. பல பொட்டலங்களின் துண்டுகளைச் சேர்த்தால் முழு ஓவியம் உருவாகும். முதல் ஓவியம் பேப் ரூத்.

ஐந்தாம் படி: பிழைகளைத் தேடுங்கள்

குழந்தைகளோடு விளையாட இதைவிட நல்ல பகுதி இல்லை. அட்டையைக் காட்டி 'இதில் என்ன தவறு?' என்று மட்டும் கேளுங்கள்.

1957 டாப்ஸில் ஹேங்க் ஆரன் இடது கையால் ஆடுவது போல நிற்கிறார். அவர் வலது கை ஆட்டக்காரர். படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். சீருடை எண்ணும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். 1959 இல் லூ பர்டெட்டின் அட்டையிலும் இடது கைதான், ஆனால் அங்கே படம் திரும்பவில்லை. பர்டெட்டே படமெடுப்பவரிடம் விளையாடுவதற்காக, இடது கை வீச்சாளர் வாரன் ஸ்பானின் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். யாரும் கவனிக்கவில்லை, போதாக்குறைக்கு அவர் பெயரின் எழுத்தையும் பிழையாக அச்சிட்டார்கள். 1969 இல் ஆரேலியோ ரொட்ரிகஸ் என்ற பெயரில் வந்த படத்தில் இருப்பது அவரே இல்லை, அணியின் மட்டைகளைப் பார்த்துக்கொண்ட பையன். 1990 டாப்ஸில் ஃபிராங்க் தாமஸின் சில அட்டைகளில் முன்பக்கத்தில் பெயரே விழவில்லை.

முதல் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். ஒன்று இயந்திரத்தின் பிழை, மற்றது மனிதரின் குறும்பு. எது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சீருடை எண்ணைப் பார்க்கிற பிள்ளை பிடித்துவிடும்.

ஆறாம் படி: நீங்களே கேள்வி போடுங்கள்

பிறர் போட்ட புதிரை அவிழ்ப்பது பாதி இன்பம். கேள்வி போடும்போதுதான் ஆட்டம் உங்களுக்குள் இறங்கும்.

'1974 இல் ஆரன் எத்தனை ஹோம் ரன் அடித்தார்?' என்பது கேள்வியல்ல, மனப்பாடச் சோதனை. நல்ல கேள்வியில் எதிராளி தவறான கதவைத் தட்ட வேண்டும். சரியான கதவும் அவர் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த உதாரணம்: 'அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து மிக அதிக ஹோம் ரன் அடித்தவர்கள் யார்?' எல்லோரும் டிமாஜியோ சகோதரர்கள் என்பார்கள். ஜோ 361, வின்ஸ் 125, டாம் 87. மூவரும் சேர்ந்து 573. சரியான விடை ஆரன் சகோதரர்கள், மொத்தம் 768. அதில் ஹேங்க் 755, தம்பி டாமி 13. விடையைக் கேட்டவர் 'அட, ஆமாம்' என்று தலையில் கைவைப்பார். அந்த 'அட, ஆமாம்' வராத கேள்வியை நான் கேட்பதில்லை.

கதை உள்ள கேள்விகள் இன்னும் மேல். 'ஒரே நாளில், இரண்டு ஊர்களில், இரண்டு அணிகளுக்காக ஹிட் அடித்தவர் யார்? யார் யார் பந்தில்?' 1982 ஆகஸ்ட் 4 பகலில் ஜோயல் யங்பிளட் சிகாகோவில் மெட்ஸுக்காக ஆடி ஃபெர்குசன் ஜென்கின்ஸின் பந்தில் ஹிட் அடித்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரை எக்ஸ்போஸுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். விமானம் பிடித்துப் பிலடெல்பியா போய், அன்றிரவே ஸ்டீவ் கார்ல்டனின் பந்தில் இன்னொரு ஹிட். இரண்டு பிட்ச்சர்களுமே பின்னாளில், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள்.

சொற்களில் கண்டிப்பாக இருங்கள். 'எப்போதும்', 'யாருமே' என்று கேள்வியில் எழுதுமுன் இரண்டு முறை யோசியுங்கள். வாழ்நாள் சராசரியில் முதலிடம் டை காப், 0.367 என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட விடை. 2024 இல், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கெனத் தனியே நடந்த நீக்ரோ லீகுகளின் கணக்கை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. இன்று முதலிடம் ஜாஷ் கிப்ஸன், 0.372. நிறத்தின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர். அவர் வாழ்ந்த நாளில் டாப்ஸும் போமனும் பேஸ்பால் அட்டை போடத் தொடங்கவே இல்லை. பழைய வினாவிடைப் புத்தகத்திலிருந்து கேள்வி எடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஏழாம் படி: சேர்ந்து ஆடுங்கள்

மூன்று பேர் இருந்தால் போதும். ஆளுக்குப் பத்து அட்டை. ஒருவர் பெயரை மறைத்து எண்களை வாசிக்க வேண்டும். முதல் குறிப்பிலேயே சொன்னால் ஐந்து புள்ளி, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று குறையும். இளையவர்களை ஹோம் ரன் பத்தியிலிருந்தும் பெரியவர்களை ஊர்ப் பெயரிலிருந்தும் தொடங்கச் சொன்னால் ஆட்டம் சமமாகிவிடுகிறது.

தனியாக ஆட வேண்டுமென்றால் 2023 இல் பரவிய 'இமாக்குலேட் கிரிட்' கட்டத்தைப் பாருங்கள். ஒன்பது கட்டம், ஒன்பது வாய்ப்பு. நெடுக்கில் ஓர் அணி, கிடையில் இன்னோர் அணி. இரண்டிலும் ஆடியவர் பெயரை நிரப்ப வேண்டும். பிறர் சொல்லாத பெயரைச் சொன்னால் மதிப்பு. பெயர் பெற்றவர்களை விட, ஊர் ஊராக அலைந்த சாதாரண ஆட்டக்காரர்களே இங்கே கைகொடுப்பார்கள். 1987 தொகுப்பைப் புரட்டியவர்களுக்கு அவர்கள் எல்லாம் பழகிய முகங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: பிரியமான அட்டைக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கெட்டி உறை; மற்றவற்றுக்கு ஒன்பது பை கொண்ட தாள்கள். பிவிசி கலந்த மலிவுத் தாள் வேண்டாம், நாளடைவில் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வெயிலும் ஈரமும் ஆகாது. ரப்பர் பேண்ட் கூடவே கூடாது, பாஃப்கோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பெட்டி வைத்திருப்பவரைத் தேடிப் போங்கள்

அமெரிக்காவில் வசிக்கிறீர்கள் என்றால், அறுபது எழுபது வயதைக் கடந்த யாரிடமாவது 'சின்ன வயதில் அட்டை சேர்த்தீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். சூயிங்கத்தின் இனிப்பு வாசம் அட்டையில் ஏறியிருந்ததைச் சொல்வார். அந்தச் சூயிங்கத்தைக் கடித்தால் ஓடு உடைவதுபோல் நொறுங்குமாம். சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக்கிளிப்பால் அட்டையைக் கவ்வவிட்டு மோட்டார் சத்தம் எழுப்பியதைச் சொல்வார். பள்ளி இடைவேளையில் ஒருவன் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ள, மற்றவன் 'இருக்கிறது, இருக்கிறது, வேண்டும்!' என்று கத்தியதைச் சொல்வார். கல்லூரிக்குப் போனபோது அம்மா பெட்டியைக் குப்பையில் போட்டதில் வந்து முடிப்பார். தீப்பெட்டிப் படம் சேர்த்து வளர்ந்த எனக்கு அந்தத் துக்கம் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

அவரிடம் விலை கேட்காதீர்கள். எந்த அட்டைக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நான் அப்படிக் கேட்டபோதுதான் முதல்நாள் அட்டையின் கதை முழுதாக வெளியே வந்தது.

1964 இல் அவர் ஏழு அட்டைகளைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார். 440 ஆம் எண், பைரட்ஸ் அணியின் வலதுபுற வெளிக்களத் தடுப்பாளர். அட்டையில் 'பாப் கிளெமென்டே' என்று அச்சாகியிருந்தது. அவர் பெயர் ராபர்டோ. புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அமெரிக்க வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவரைப் பாப் ஆக்கி வைத்திருந்தது. 1970 அட்டையில்தான் சொந்தப் பெயர் திரும்பியது.

1972 செப்டம்பர் 30 அன்று பிட்ஸ்பர்க்கில் அவர் தம் 3000 ஆவது ஹிட்டை அடித்தார். வழக்கமான பருவத்தில் அதுவே கடைசியாகிவிட்டது. டிசம்பர் 31 இரவு, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்ட விமானம் கடலில் விழுந்தது. ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1973 இலேயே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

டாப்ஸ் அந்த ஆண்டும் அவருடைய அட்டையை வெளியிட்டது, 50 ஆம் எண். அப்போது 19 வயதாகியிருந்த பெரியவர், அட்டை சேர்ப்பதை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, அந்த ஒன்றுக்காக மட்டும் மறுபடி கடைக்குப் போய்ப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்திருக்கிறார். என்னிடம் நீட்டியது அதைத்தான். கட்டைவிரலை எடுத்தபோது அடியில் ராபர்டோ என்று இருந்தது.